கொலுக் கண்காட்சிக்குப் பல மாதப் பாடு

(சிதம்பரத்தில் நடைபெற்ற நண்பர்கள் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மண்ணை நம்பிப் பிழைக்கிற சில குடும்பங்களைக் குறித்து இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இங்கிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கடலூர் இருக்கிறது. அந்நகரின் வண்டிப்பாளையத்தில் களிமண் பொம்மை செய்வோர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்திலும் இத்தொழில் உண்டு. நவராத்திரிக்கு முன்பாகப் பூம்புகார் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கொலுக் கண்காட்சியை நம்மில் அநேகர் பார்த்திருப்போம். அங்கே ஒரு நிமிடத்தில் விலை கேட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பொம்மை நம் முன் வந்து நிற்க எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஏரிக் களிமண்ணைக் கல், வேர் நீக்கிப் பிசைந்து பதப்படுத்த வேண்டும். அச்சின் இரு பாதிகளில் அழுத்தி, இரண்டையும் ஒட்டி, தையல் தெரியாமல் துடைக்க வேண்டும். முதலில் நிழலில் உலர்த்தி, பிறகே வெயில் காட்ட வேண்டும். அதன்பின் சூளை. அதன்பின் வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியாகக் கண் எழுத வேண்டும். இவற்றில் எதையும் விரைவுபடுத்த வழியில்லை. ஈரம் உள்ளே நின்றுவிட்டால், சூளைச் சூட்டில் அது ஆவியாகிப் பொம்மையையே பிளந்துவிடும். "அவசரப்படுத்தினா மண்ணு வெடிச்சிடும், ஐயா" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருடைய தொழில் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது.

ஆகையால் புரட்டாசியில் விற்கும் பொம்மைக்குக் கோடையிலேயே வேலை நடந்தாக வேண்டும். மண், விறகு, வண்ணம் எல்லாவற்றுக்கும் பணம் முதலில் போகிறது. வரவோ கண்காட்சி முடிந்த பிறகுதான். இந்த இடைவெளியில்தான் கடன் நுழைகிறது.

இதே கைகளில் சில, கொலு முடிந்ததும் நம்முடைய கிறிஸ்துமஸ் குடிலுக்கான மேய்ப்பர்களையும் ஆட்டுக்குட்டிகளையும் செய்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம். கடலூர் மாவட்டத்துக்கு மழை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல். 2015 நவம்பரில் பெருவெள்ளம். 2024-இல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். சுடாத மண் பொம்மைக்குள் தண்ணீர் புகுந்தால் அது மறுபடியும் வெறும் சேறுதான். பல வார உழைப்பு ஒரே இரவில் கரைந்துவிடுகிறது.

இத்தொழிலுக்கு மதிப்பு இல்லாமற் போகவில்லை. அருகிலுள்ள புதுச்சேரி வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவ்வூர்க் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நீர்நிலைகளில் கட்டணமின்றிக் களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கும்படி தமிழக அரசும் 2024-இல் விதியை எளிதாக்கியது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் விருது ஒருவருக்குக் கிடைக்கிறது. அடுப்பு எல்லா வீட்டிலும் எரிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன். முதலாவது, வேண்டிய பொம்மையைக் கடைசி வாரத்தில் தேடாமல், சித்திரை வைகாசியிலேயே சொல்லிவைத்து முன்பணம் கொடுங்கள். உங்கள் சபைக் குடிலுக்கும் அப்போதே சொல்லலாம். வெயில் இருக்கும்போதே அது காய்ந்து சூளை கண்டுவிடும். இரண்டாவது, மீதிப் பணத்தைப் பொருள் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, துணிக்கடையில் கேட்காத தள்ளுபடியைத் தரையில் உட்கார்ந்து விற்பவரிடம் கேட்காதிருங்கள்.

முன்பணமாக நாம் கொடுக்கும் சில நூறு ரூபாயால் ஒரு கைவினைஞருக்குக் கிடைப்பது காலம். மண் காயும்வரை கடனுக்குப் பயப்படாமல் காத்திருக்க அவருக்கு அது போதும்.