ஏகாரமும் ஓகாரமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கல்லில் முன்னோர் செதுக்கியவற்றுக்குப் பொருள் காண்பது பற்றிப் பேச வந்துள்ளேன். உப்பளமும் சேறும் சூழ்ந்த வேதாரண்யத்தில் இப்பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் கடைமடையில் அம்மிக்கும் கல் வெளியூரிலிருந்தே வரவேண்டும். எனினும், 2006இல் மயிலாடுதுறையை அடுத்த செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டியபோது, புதிய கற்காலக் கைக்கோடரி ஒன்று கிடைத்தது. அதை யாரோ தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். அதில் நான்கு குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன.

அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்டார். விலா எலும்பு தெரியக் குந்தியிருக்கும் உருவமும் அடுத்துள்ள சாடியும் சேர்ந்து 'முருகன்' என்னும் பெயரைத் தரும் என்றார். ஐயுற்ற அறிஞர்களும் உண்டு. சிந்துவெளி எழுத்துக்கு அனைவரும் ஏற்கும் வாசிப்பு இன்றளவும் அமையாததால், வழக்கு முடியவில்லை.

நானோ செய்தி கண்ட வாரமே கவிதை பாடிக் கைதட்டல் பெற்றேன். அவர் சான்று காட்டி ஒரு கருத்தை முன்வைத்தார்; நான் என் ஆசையைக் கல்லின் வாயில் இட்டேன். அது இன்று உறுத்துகிறது.

வயநாட்டு எடக்கல் குகையைப் பாருங்கள். 1890களில் பாசெட் என்னும் காவல்துறை அதிகாரி ஆராய்ந்து அறிவித்த செதுக்கல்கள் அங்குள்ளன. பிற்காலத்தவர் அங்கே வெட்டிய தமிழ் பிராமி எழுத்துக்களைப் படிக்க முடிகிறது. உயர்ந்த தலையணியோடு நிற்கும் பழைய உருவம் அரசனா, பூசாரியா, கூத்தாடுபவனா? பாறை சொல்லவில்லை.

நம் கோடியக்கரை மேட்டில் இராமர் பாதம் இருக்கிறது. இலங்கையை நோக்கி இராமன் நின்ற இடம் என்று நம் மக்கள் சொல்லிவருவதால் அப்பாதங்கள் பேசுகின்றன. அச்சொல் அறுந்தால் எஞ்சுவன இரண்டு கால் வடிவங்களே. செம்பியன்கண்டியூர்க் கோடரியைச் சுற்றியிருந்த பேச்சு அவ்வாறு அறுந்துபோயிற்று.

அப்படியானால் கவிஞர் அதைப் பாடலாகாதா? தாராளமாகப் பாடலாம். ஆனால் நம் கற்பனையை நம் பெயரிலேயே பாடுவோம்; முன்னோரின் வாக்குமூலமாகக் காட்ட வேண்டாம். என் பழைய கவிதை 'முருகனே' என்று முடிந்தது. அதை 'முருகனோ' என்று திருத்தியிருக்கிறேன். மலரில் இவ்வடிவமே இடம்பெற வேண்டுகிறேன்.