சட்டம் எங்கிருந்து வருகிறது?



சட்டமெல்லாம் ரிஷிகள் சொன்னது என்பதாகச் சிலர் சொல்லுகிறார்கள். பெண்ணின் வயதுச் சட்டத்தையே பாருங்கள். கல்கத்தாவில் பூல்மணி என்கிற, பத்து வயது கடந்த குழந்தை, புருஷனுடைய பலாத்காரத்தால் மாண்டுபோயிற்று. மனைவிக்கு 10 வயதாகிவிட்டால் அது கற்பழிப்பல்ல என்பது அன்றையச் சட்டம். ஆகவே அவனுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரே வருஷத் தண்டனை! கிளர்ச்சி எழுந்தது, 1891-ல் அந்தப் பத்தைப் பன்னிரண்டாக்கினார்கள். திலகர் முதலியவர்கள் மதத்தில் சர்க்கார் கை வைப்பதா என்று ஆட்சேபித்தார்கள். 1929-ல் சாரதா சட்டம் கலியாணத்துக்கே 14 வயது வேண்டுமென்றது. 1949-ல் 15, 1978-ல் 18. இதில் எந்த எண்ணை எந்த ரிஷி சொன்னார்? மனிதர்கள் கூடிப் பேசி வைத்த எண்கள்தானே! அதிலும், 1891-லும் 1929-லும் இதைத் தீர்மானித்த சபைகளில் ஒரு பெண்ணாவது உட்கார்ந்திருந்தாளா? இல்லை.