விதியும் வேலியும்

உணவு பற்றிய விதி இல்லாத சமயம் உலகில் அரிது. ஆயினும், அவ்விதியைச் சட்டநூல்போல் வகுத்து, அதன் ஒவ்வொரு சொல்லின்மீதும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடி வருவோர் யூதரைப்போல் மிகச் சிலரே. அவ்வழக்குகளில் இரண்டொன்றை இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

கோஷர் என்னும் எபிரேயச் சொல்லுக்குத் ‘தக்கது’ என்பது பொருள். அசைபோடுவதும் பிளவுபட்ட குளம்புடையதுமான விலங்கு உண்ணத் தக்கது. துடுப்பும் செதிலும் உடைய மீன் தக்கது. பன்றியும் ஒட்டகமும் ஆகா. இவை லேவியராகமத்திலும் உபாகமத்திலும் உள்ள விதிகள். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைத்தலாகாது என்னும் விலக்கு மூன்று இடங்களில் வருகிறது. மூலம் இவ்வளவே. இதற்கு உரையும், உரைக்கு உரையும் எழுந்தபோதுதான் இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரலாகாது, இரண்டுக்கும் வெவ்வேறு பாண்டங்கள் வேண்டும் என்னும் ஒழுக்கம் விரிந்தது. ரபிகள் இதனைத் தோராவைச் சுற்றி எழுப்பிய வேலி என்பர்.

வேலியை எங்கே நடுவது? கோழி தன் குஞ்சுக்குப் பால் ஊட்டுவதில்லையே. கோழியிறைச்சியைப் பாலோடு உண்டால் என்ன? கலிலேயரான ரபி யோசே வாழ்ந்த ஊரில் அவ்வாறே உண்டனர் எனத் தல்மூது கூறுகிறது. பிற ஊர்களில் அது விலக்கு. கோழியையும் பாலாடைக்கட்டியையும் ஒரே மேசையில் வைக்கலாமா என்பதிலும் ஷம்மாயின் பள்ளியார் வைக்கலாம் என்றனர்; ஹில்லேலின் பள்ளியார் கூடாது என்றனர். பெரும்பாலும் கடுமைக்குப் பெயர்பெற்ற ஷம்மாய் பள்ளியினர் இங்கே நெகிழ்ந்து நின்றது வியப்பே. இவ்விரு பள்ளியாரும் திருமண விதிகளிலும் தீட்டு விதிகளிலும் முரண்பட்டிருந்தும், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண்கொள்ளத் தயங்கவில்லை என்று, ஏறத்தாழக் கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா குறித்து வைத்திருக்கிறது. கருத்து வேறுபாடு உறவை அறுக்காதிருந்த காலம் அது.

அடுத்துப் பால். யூதரல்லாதார் கறந்த பாலை, கறக்கும்போது யூதர் ஒருவர் உடனிருந்தாலன்றிப் பருகலாகாது என்பது பழைய விதி. விலக்கப்பட்ட விலங்கின் பால் கலந்துவிடுமோ என்னும் ஐயமே அதற்குக் காரணம். ஆனால், கறப்பவர் அருகில் யூதர் அமர்ந்திருந்தாலே போதும், அவர் கண்ணால் காணாவிடினும் குற்றமில்லை என்றும் தல்மூது கூறுகிறது. எழுந்து பார்த்துவிடுவாரோ என்னும் அச்சமே கறப்பவரைத் தடுக்குமாம். நியூயார்க்கில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் (1895-1986) இந்த நுட்பத்தைப் பற்றிக்கொண்டார். அமெரிக்காவில் பாற்பண்ணைகளை அரசாங்கம் மேற்பார்வையிடுகிறது. கலப்படம் செய்தால் தண்டனை உண்டு. அவ்வச்சம் யூதர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதற்கு நிகர் என்று 1954-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தார். எண்ணற்ற குடும்பங்களின் காலையுணவு இதனால் எளிதாயிற்று. எனினும் தம்மளவில் அவர் பழைய கடுமையையே விரும்பினார். மதப் பள்ளிகள் செலவு கூடினாலும் மாணவர்க்கு யூதர் கண்காணித்த பாலையே வழங்குதல் நலம், அதுவும் கல்வியே என்றும் எழுதினார். ஆசிரியத் தொழிலில் முடிநரைத்த எனக்கு அக்கருத்தின் ஆழம் விளங்குகிறது. ஆனால் அந்தக் கூடுதல் செலவை எந்தப் பெற்றோர் தாங்குவர் என்னும் கேள்வியும் கூடவே எழுகிறது.

இறைச்சியிலும் இதே கதைதான். அறுத்த மாட்டின் நுரையீரலில் ஒட்டுத்தசை இருப்பின், அதனடியில் துளை இருக்கலாம் என ஐயுற்று அதனை விலக்குவர். சபேத் நகரில் யோசேப்பு காரோ இயற்றி 1565-இல் வெனிசு நகரில் அச்சேறிய ‘ஷுல்கான் அரூக்’ இதில் கடுமை காட்டிற்று. போலந்து நாட்டுக் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசர்லஸ், அதனை மெல்லத் தேய்த்து நீக்கிச் சோதிக்கும் தம் நாட்டு வழக்கத்தையும் குறிப்பாகச் சேர்த்தார். ஒரே மாடு, ஓர் ஊராருக்கு உணவு, மற்றோர் ஊராருக்கு விலக்கு! ஒட்டே இல்லாத வழவழப்பான நுரையீரலை இத்திஷ் மொழியில் ‘கிளாட்’ என்பர். இன்று பேச்சு வழக்கில் அச்சொல்லை மீனுக்கும் ஒட்டிவிடுவோர் உண்டு. மீனுக்கு ஏது நுரையீரல்?

கடுமை விலையை ஏற்றும். 1888-இல் வில்னாவிலிருந்து நியூயார்க்குக்குத் தலைமை ரபியாக அழைக்கப்பெற்ற யாக்கோபு ஜோசப், முறைப்படி அறுத்த கோழிகளின் காலில் ஈய முத்திரை இடச் செய்தார். அதற்கென்று ஒரு சிறு கட்டணம். ஜார் மன்னர் ஆட்சியில் கோஷர் இறைச்சிக்கு வரி கொடுத்துச் சலித்து வந்த ஏழை மக்கள், கடல் கடந்தும் அவ்வரியே துரத்துகிறதே என்று கொதித்தனர். அப்பெரியவரின் திட்டம் நிலைக்கவில்லை.

இங்கே மற்றொரு முடிச்சும் உண்டு. உணவு விலக்குகளில் நம்பத்தக்க ஒருவருடைய சொல்லே போதும் என்பது தல்மூதின் கொள்கை. தொழிற்சாலைகள் பெருகியபின், யார் சமைத்தார் என்று அறியாத உணவு கடைக்கு வந்தது. சான்றிதழும் முத்திரையும் தேவையாயின. மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளர் அடுப்படியில் நிற்கலானார். அவருக்குச் சம்பளம் தருபவர் பல இடங்களில் அவர் கண்காணிக்கவேண்டிய முதலாளியே! தேர்வு எழுதும் மாணவனே தேர்வறைக் கண்காணிப்பாளருக்குக் கூலி கொடுத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

லித்துவேனிய ரபி இஸ்ரேல் சலாண்டர் (1810-1883) பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. பாஸ்கா விழாவுக்குரிய புளிப்பில்லா அப்பம், மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் வெந்துவிடவேண்டும். ஆகவே மேற்பார்வைக்குச் செல்வோர் மாவு பிசையும் பெண்களை விரட்டுவது இயல்பு. எந்தக் கடுமையில் கருத்தாயிருக்கவேண்டும் என்று மாணவர் வினவ, பிசைகிறவள் ஒரு விதவை, அவளை அதட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். வேறு எதையும் அவர் சொல்லவில்லை.

இஸ்ரேல் நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம், ‘கோஷர்’ என்று சான்றளிக்கும் உரிமையைத் தலைமை ரபியகத்தின் அதிகாரத்தில் வைத்தது. அச்சான்று போதாது என்று மேலும் கடுமையான தனிச் சான்று நாடுவோர் ஒருபுறம். அதன் மேற்பார்வை நேர்மையாக நடைபெறவில்லை என்று குறைகூறும் உணவக உரிமையாளர் மறுபுறம். 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. ரபியகத்தின் சான்று தமக்கில்லை என்பதைத் தெளிவாகக் கூறி, தாம் கைக்கொள்ளும் முறைகளையும் மேற்பார்வையையும் எழுதி வைக்க உணவகங்களுக்கு உரிமை உண்டு என்றது. மறு ஆண்டே ‘சோஹர்’ என்னும் ரபிகளின் அமைப்பு அவ்வழியில் மேற்பார்வைப் பணியைத் தொடங்கிற்று. உண்ண வருபவர் சுவரிலுள்ள அத்தாளைப் படிக்கிறார். அதில் கண்டது தமக்குப் போதுமானால் அமர்கிறார். போதாதெனில் அடுத்த கடைக்கு நடக்கிறார்.