மருந்து கேட்குமா என்று படம் சொல்லுமா?



திருவான்மியூர் மருந்தீசர் குடிகொண்ட ஊர். அகத்தியருக்கு இறைவன் மருத்துவம் உபதேசித்த தலம் என்பது இங்குள்ள ஐதீகம். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, சிலருக்கு மருந்து கேட்காத ஒரு நோயைப் பற்றிப் பேசப்போகிறேன். ஈசன் பொறுத்துக்கொள்வார். அந்த நோய் வலிப்பு. நான் நரம்பியல் மருத்துவன். இன்று பட்டம் பெறும் நீங்கள் இமேஜிங் டெக்னாலஜி படித்துவிட்டு ஸ்கேன் அறைக்குள் போகிறவர்கள். என் வேலையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

வலிப்பு வந்தவரின் வீட்டார் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "மாத்திரை போட்டா நின்னுடுமா டாக்டர்?", "எத்தனை வருஷம் போடணும்?" கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடென்றால் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். வலிப்பைக் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் தந்த சட்ட வாசகத்தை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறியது, தாழ்ந்த குரல் இன்னும் உயரவில்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கமும் போகவில்லை.

முதல் கேள்விக்குப் பொதுவான ஒரு பதில் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அதுவரை மருந்தே எடுத்துக்கொள்ளாத 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2000ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம். அதற்குப் பிறகு எதை மாற்றினாலும், எதோடு எதைச் சேர்த்தாலும் கூடுதலாகக் கிடைத்தது 4 சதவீதம்தான். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சதவீதம் அல்ல, ஒரு ஆள். அவர் அந்த 47இல் இருக்கிறாரா, மீதியில் இருக்கிறாரா? மூளையின் படத்தைப் பார்த்து இதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றுதான் உலகமெங்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் தேடலில் நம் ஊர்ப் பங்கு பெரியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். 1980களில் நம் நாட்டில் சி.டி. ஸ்கேன் பரவத் தொடங்கியது. ஒன்றிரண்டு முறை வலிப்பு வந்து, மற்றபடி நன்றாக இருக்கும் இளைஞர்களின் படங்களில் ஒரு சின்ன வளையம் தெரிந்தது; சுற்றிலும் வீக்கம். காசநோய் மலிந்த நாடு, ஆகவே இது மூளையில் வந்த காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டினார்கள். மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். திரும்பப் படம் எடுத்தால் கட்டியைக் காணோம். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

இடித்த விஷயம் ஒன்றுதான். டி.பி. மருந்து எடுக்காமல் வலிப்பு மாத்திரை மட்டும் போட்டவர்களுக்கும் அந்த வளையம் மறைந்தது. மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்ட வேலூர் மருத்துவர்கள் அந்தத் திசுவையே எடுத்துப் பரிசோதித்தார்கள். உள்ளே இருந்தது செத்துக்கொண்டிருந்த நாடாப்புழுவின் இளம்பருவம். 1989இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். எந்த வளையத்தை அறுக்க வேண்டாம், காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு அளவுகோலும் வகுத்தார்கள்: 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், மூளையின் நடுக்கோடு நகர்ந்திருக்கக் கூடாது, இப்படிச் சில. பன்றி இறைச்சியையே தொடாத சைவர்கள் "எங்களுக்கு எப்படி?" என்று கேட்பதுண்டு. மனித மலத்தில் வெளியேறும் புழு முட்டை கழுவாத காய்கறியிலும் சுத்தமில்லாத கையிலும் ஏறி வரும்; அது சைவம் அசைவம் பார்ப்பதில்லை. வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடையே நடத்தி 2006இல் வெளியான ஆய்வு, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று காட்டியது.

வீட்டாரின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் படம் பதில் சொன்னது. சில மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் வளையம் சுவடில்லாமல் போயிருந்தால் மாத்திரையைச் சீக்கிரமே குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்து நின்றிருந்தால், நிறுத்தும்போது வலிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம். இதைச் சொல்லக் கோடி ரூபாய் இயந்திரம் தேவைப்படவில்லை. இரண்டாவது படமும், அதை முதல் படத்தோடு பொருத்திப் பார்க்கும் பொறுமையும் போதுமாக இருந்தன.

இன்னொரு வகை நோயாளிகளிடம் படம் கசப்பான செய்தி சொல்லும். காதுக்கு உள்பக்கம், மூளையின் பொட்டு மடலில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. அது சுருங்கித் தழும்பாகிவிட்டால் ரிப்போர்ட்டில் எம்.டி.எஸ். என்று எழுதுவார்கள். பிரான்சில் 1998இல் வந்த ஓர் ஆய்வில், இந்தத் தழும்பு உள்ளவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் மருந்தால் வலிப்பு நின்றிருந்தது. அதே தழும்புதான் அறுவை சிகிச்சைக்கு வழியும் காட்டுகிறது. கனடாவில் பொட்டு மடல் வலிப்பு உள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்து, 2001இல் முடிவு சொன்னார்கள். ஓராண்டு முடிவில், அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் நினைவு தப்பும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மாத்திரையோடு நின்றவர்களில் 8 சதவீதம். வலிப்புக்கான அறுவை நமக்குப் புதிதும் அல்ல. ஜேக்கப் சாண்டி வேலூரில் 1952இலேயே செய்திருக்கிறார். இருந்தும் எத்தனையோ பேர் மாத்திரையை மாற்றி மாற்றி, படிப்பும் வேலையும் போன பிறகுதான் அந்த வாசலுக்கு வருகிறார்கள். படம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும் இதற்கு ஒரு காரணம்.

ஏன் சொல்லவில்லை? ஜெர்மனியின் பான் நகரில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் மனப்பாடம் செய்யலாம். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களின் வழக்கமான எம்.ஆர்.ஐ. படங்களைப் பொதுவான மருத்துவர்கள் பார்த்தபோது, உள்ளே இருந்த கோளாறுகளில் 39 சதவீதம்தான் கண்ணில் பட்டது. அதே படங்களை வலிப்பு நிபுணர்கள் பார்த்தபோது 50. வலிப்புக்கென்றே முறையாக எடுத்த படத்தை நிபுணர்கள் பார்த்தபோது 91. 39 எங்கே, 91 எங்கே! நிபுணரின் கண் கூட்டித் தந்தது 11 புள்ளிகள்தான். படம் எடுத்த முறை கூட்டித் தந்தது 41. அந்த முறை உங்கள் தொழில்.

ஹிப்போகேம்பஸ் தலைக்குள் சாய்ந்து கிடக்கிறது. வாழைத்தண்டைச் சரியாகக் குறுக்கே அரிந்தால் வட்டமும் நாரும் தெளிவாகத் தெரியும். சாய்வாக அரிந்தால் வடிவமே மாறிவிடும். அதேபோல ஹிப்போகேம்பஸின் நீளவாக்குக்குச் செங்குத்தாக கொரோனல் துண்டுகளை வைக்க வேண்டும். தலைவலிக்கு எடுக்கும் கோணத்திலேயே வலிப்புக்கும் எடுத்தால், 'நார்மல்' என்று வரும் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். உலக வலிப்பு ஒழிப்புச் சங்கம் 2019இல் மூன்றே வரிசைகள் கொண்ட முறையொன்றைப் பரிந்துரைத்தது: 1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் முப்பரிமாண டி1, அதே நுணுக்கத்தில் முப்பரிமாண ஃப்ளேர், நான் சொன்ன கோணத்தில் டி2. நம் ஸ்கேன் மையங்களில் உள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் இதைச் செய்யக்கூடியவைதான். செய்யச் சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவே.

ஏ.ஐ. பற்றிச் சொல்லாமல் விட்டால் கடைசி வரிசை மன்னிக்காது. 1798 நோயாளிகளின் விவரங்களை வைத்து, முதல் மருந்து கேட்குமா என்று கணிக்கும் கணினி மாதிரி ஒன்று 2022இல் வெளிவந்தது. காசு சுண்டிச் சொன்னால் 0.5, தவறே இல்லாமல் சொன்னால் 1 என்ற அளவுகோலில் அதற்குக் கிடைத்தது சுமார் 0.65. நல்ல தொடக்கம், என் நோயாளியிடம் இதை நம்பி வாக்குக் கொடுக்க மாட்டேன். மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் ஒரு புரதத்தை பெட் ஸ்கேனில் அளந்து, மருந்து கேட்காதவர்களிடம் அதன் வேலை மிகுதியாக இருப்பதை 2013இல் இங்கிலாந்தில் காட்டினார்கள். அதுவும் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. நாளைய கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வந்தாலும், நீங்கள் எடுத்துத் தரும் படத்தில் இல்லாததை அதனால் பார்க்க முடியாது.

ஆகவே வேலைக்குச் சேர்ந்ததும் இதைச் செய்யுங்கள். ஸ்கேன் சீட்டில் 'ஃபிட்ஸ்' என்று ஒரு சொல் மட்டும் இருந்தால் அனுப்பிய டாக்டருக்கு போன் போடுங்கள். எந்தப் பக்கம் இழுத்தது, கண் எங்கே திரும்பியது, எத்தனை மருந்து ஆயிற்று என்று கேளுங்கள். எரிச்சல்படுவார், பரவாயில்லை, கேளுங்கள். கூட வந்தவரிடம் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபிலிமை மட்டும் கொடுத்தனுப்பாமல் முழுப் படத்தொகுதியையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ போட்டுக் கொடுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தோடு அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.