கலியாண வீடியோவைக் காப்பாற்றுவது எப்படி?



‘நான் ஈ’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2012-ல் வந்தது. அதில் வரும் ஈ உண்மையான ஈ அல்ல. கணிப்பொறியில் உருவாக்கிய ஈ. அந்த வேலையைச் செய்தது நம் ஐதராபாத்தில் இயங்கிய மகுட்டா நிறுவனம். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

நாம் செய்வது கலியாணம், காதுகுத்து வீடியோ. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். உழைப்பு முழுவதும் ஹார்டு டிஸ்க் என்ற ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கிறது. அது கெட்டால் எல்லாம் போய்விடும். சினிமாக்காரர் மறுபடி எடுத்துக்கொள்வார். தாலி கட்டியதை நாம் மறுபடி எடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 1998-ல் ஒரு சம்பவம் நடந்தது. பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்ற பொம்மைப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ தவறான கட்டளையைத் தட்டிவிட்டார். படத்தின் பெரும்பகுதி அழிந்தது. நகல் இருக்கிறதே என்று தேடினார்கள். நகல் எடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவே இல்லை! யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. கேலின் சூஸ்மன் என்ற பெண்மணி அப்போது கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்தே வேலை செய்தார். அவர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு நகல் இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றி, காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

நாம் என்ன செய்யலாம்? கேமராவின் மெமரி கார்டை உடனே அழிக்காதீர்கள். முதலில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டு இடத்தில் வைத்தால் அது இரண்டு நகல் ஆகாது. எடுத்த நகலைத் திறந்து, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். ஒரு டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும். 2020 அக்டோபரில் பெய்த மழை நினைவிருக்கிறதா? பழைய நகரத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டு டிஸ்கும் சேர்ந்தே நனையும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கணிப்பொறியில் நாம் வீடியோவை வெட்டும்போது மூலப்படம் வெட்டுப்படுவதில்லை. எங்கிருந்து எதுவரை காட்ட வேண்டும் என்று கணிப்பொறி குறிப்பு மட்டும் எழுதுகிறது. அந்தக் குறிப்புதான் ‘புராஜெக்ட்’ கோப்பு. மூலப்படத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் படம் காணோம் என்று கணிப்பொறி சொல்லும். பயப்பட வேண்டாம். இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். ஆனால் புராஜெக்ட் கோப்புக்கும் நகல் வேண்டும். அது மிகச் சிறியது. பென் டிரைவே போதும்.

மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். அது பத்து நிமிடம் தாங்கினாலும் வேலையைச் சேமித்து, கணிப்பொறியை முறையாக நிறுத்தலாம். கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு ‘எஸ்’ எழுத்தைத் தட்டினால் வேலை சேமிக்கப்படும். டீ குடிக்க எழுந்தாலும் தட்டிவிட்டுப் போங்கள். மே மாத வெயிலில் பெட்டி சூடாகும். காற்று வரும் துளையில் தூசி அடைக்க விடாதீர்கள்.

கடைசியாக, பெயர். ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’ என்று பெயர் வைத்தால் நாளைக்கு நமக்கே புரியாது. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு தேதி, அதன்பின் மணப்பெண் பெயர் எழுதுங்கள். 2024-05-12 லட்சுமி. இப்படி எழுதினால் கணிப்பொறி தானே வரிசையாக அடுக்கிவிடும். டிஸ்கின் மேலும் அதே பெயரை ஒட்டுங்கள்.