ஆண்டுக்கு ஒரு முட்டை



இந்த அறக்கட்டளை எந்தத் தமிழாசிரியரின் நினைவைப் போற்றுகிறதோ, அவரிடம் படித்தவன் நான். சங்கப் பாடல் நடத்தும்போது ஒரு பறவையின் பெயர் வந்துவிட்டால், "இதைக் கண்ணால் பார்த்தவர் யார்?" என்று கேட்காமல் அடுத்த அடிக்குப் போகமாட்டார். மயிலுக்கும் நாரைக்கும் கைகள் உயரும். பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும் பாறு என்ற சொல் வந்த அன்று ஒரு கைகூட உயரவில்லை. அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

எனக்கு அந்தக் கையை உயர்த்த முப்பது ஆண்டுகள் ஆயின. நீலகிரிக்கு வடக்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு மாசி மாதக் காலை. ஆற்றோரத்து நீர்மருத மரத்தின் உச்சியில் கூடு. பக்கத்துக் கிளையில் வெண்முதுகுப் பாறு ஒன்று இறக்கைகளை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிவரை அசையவில்லை. நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழுந்ததும் கிளையை விட்டுப் பாய்ந்து, நான்கைந்து முறை சிறகடித்தது. பிறகு சிறகை அசைக்கவே இல்லை. காற்றின் மேல் சாய்ந்து, வட்டமிட்டு வட்டமிட்டு ஏறியது. அடியிலிருந்து பார்த்தால் கரிய இறக்கையின் முன்பாதி வெள்ளையாக மின்னுகிறது. கழுத்து வலிக்கும் வரை நிமிர்ந்து பார்த்தேன். இதைத்தானா பிணந்தின்னி என்று முகம் சுளித்தோம் என்று வெட்கமாக இருந்தது.

பாறு வேட்டையாடுவதில்லை. இறந்ததைத்தான் தின்கிறது. கூட்டமாக இறங்கினால் ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியின் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் பிழைப்பதில்லை. பாறுகள் இல்லாமற்போன ஊர்களில் மாட்டுப் பிணங்கள் தெருநாய்களுக்குத் தீனியாயின. நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். இதைச் சொல்லித்தான் பாறுகளின் அருமையை நிறுவ வேண்டியிருக்கிறது என்பது எனக்கு வருத்தமே. மயிலுக்கு நாம் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை.

பாறுகள் எப்படிப் போயின? ராஜஸ்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் கூடுகளை எண்ணிவந்த விபு பிரகாஷ், 1990களின் நடுவில் அவை வேகமாகக் குறைவதைக் கண்டார். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையின் கழுத்து நாள்கணக்கில் தொங்கும். பிறகு அது கீழே விழும். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கின. நோய் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டைக்குளோஃபீனாக். மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்டுவந்த ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழக்கிறது. உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிகிறது.

மாட்டின் மீது இரக்கப்பட்டுப் போட்ட மருந்து அது. யாரும் பாறுகளைக் கொல்ல நினைக்கவில்லை. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்ப முடியாதவர்கள் இந்தப் பறவையின் குடும்ப வாழ்வைப் பாருங்கள். பருவமடையவே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாத்து, குஞ்சு பறக்கும் வரை மாதக்கணக்கில் ஊட்டுகின்றன. இப்படிப்பட்ட பறவைக்கு ஒரு சாவை ஈடுகட்டப் பல ஆண்டுகள் வேண்டும். ஒரே பிணத்தில் முப்பது பறவை இறங்குமே!

2006இல் கால்நடைகளுக்கு இந்த மருந்து தடைசெய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் 2017இல் தோற்றது. 2023இல் பாறுகளைக் கொல்லும் வேறு மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபீனாக் இரண்டும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. ஒரு மருந்தைப் பிடித்தால் இன்னொன்று. இதற்கிடையே, மாட்டை அடித்த புலிக்கென்று பிணத்தில் நஞ்சு தடவுவதும் நடக்கிறது. அதிலும் பாறு சாகிறது.

திருக்கழுக்குன்றத்துக்குச் சின்ன வயதில் என் பாட்டி கூட்டிப்போனார். உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறைமேல் காத்திருப்பார். மஞ்சள்முகப் பாறுகள் இரண்டு வந்து உண்ணும். 1990களின் இறுதிக்குப் பின் அவை வரவில்லை. ஊரின் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

இருந்தும் மாயாற்றில் இருக்கின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 2023 தொடக்கத்தில் 246, அவ்வாண்டு இறுதியில் 320. அருளகம் அமைப்பினர் ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்போரிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் பேசிவருகிறார்கள்.

இந்த அவையில் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். வீட்டு மாட்டுக்குக் காய்ச்சல் என்று ஊசி போட வருபவரிடம், என்ன மருந்து என்று கேளுங்கள். மெலோக்சிகாம் என்றால் போடட்டும். அது பாறுகளைக் கொல்வதில்லை. வேறு பெயர் சொன்னால், "மெலோக்சிகாம் இருக்கிறதா ஐயா?" என்று இன்னொரு முறை கேளுங்கள்.