மின்னஞ்சல் கணக்கும் அனுமதியும்



நாம் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில், செபராங் பிறைத் தோட்டத்தில் கடிதம் லயத்து வாசலுக்கு வராது. தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயரைப் பார்த்து எடுத்து வைப்பார். ஒரே பெயரில் இருவர் இருந்தால், "யார் மகன்?" என்று கேட்டுவிட்டே கொடுப்பார். இன்று கைப்பேசிக்கு வரும் மின்னஞ்சலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

கடிதங்களைப் பெற்று வைத்திருக்கும் பெரிய கணினிக்கு சர்வர் என்று பெயர். அதுவே ஆபீஸ். அதில் நம் பெயருக்கு ஒதுக்கிய பெட்டி, கணக்கு. பெட்டியின் சாவி, கடவுச்சொல். கைப்பேசி காணாமற் போனாலும் கடிதம் சர்வரில் இருக்கும். வேறொரு கைப்பேசியில் அதே சாவியைப் போட்டால் அத்தனையும் தெரியும். நமக்குத் தெரிவது போலவே சாவி அறிந்த அடுத்தவருக்கும் தெரியும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, பள்ளிகள் மூடியிருந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா என்ற கற்றல் தளத்தைத் தொடங்கியது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகவரி.

நம் மாணவர் வீடு ஒன்றில் பிள்ளைகள் மூவர், கைப்பேசி ஒன்று. அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அக்காள் கணக்கு திறந்தபடியே இருக்க, தம்பி தன் மலாய்ப் பயிற்சியை அதிலேயே அனுப்பிவிட்டான். நம் ஏட்டில் அவன் பெயருக்கு நேரே 'அனுப்பவில்லை' என்று விழுந்தது. இரண்டு வாரம் அவனைக் கண்டித்தோம். பிழை அவனுடையதன்று. ஒரே கைப்பேசியில் மூன்று கணக்குகளையும் சேர்க்கலாம் என்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. கைப்பேசி மலாயில் இருந்தால் 'தெத்தாப்பான்' என்ற பகுதியில் போய்ச் சேர்க்க வேண்டும். பாடம் தொடங்குமுன், திரையின் மேல் மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டால் யார் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும்.

இனி அனுமதி. செயலி ஒன்றை முதலில் திறந்ததும், கேமராவைப் பயன்படுத்தலாமா, ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். 'பெனார்கான்' என்றால் அனுமதி. பயந்து எல்லாவற்றையும் மறுத்தால், வகுப்பில் பிள்ளையின் குரல் நமக்குக் கேட்காது. வகுப்புக்கு இவ்விரண்டும் வேண்டியவையே. ஆனால் விளையாட்டுச் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்கும் வேலை என்ன? வங்கியின் இரகசிய எண் குறுஞ்செய்தியாக வந்தால் அதையும் அது படித்துவிடும். முன்பின் தெரியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலியை ஏற்றவே வேண்டாம். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காமல், உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். மோசடிப் புகார்களுக்கென்றே 2022இல் தொடங்கிய எண் அது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் மூத்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி மின்னஞ்சலைச் சொந்தக் கைப்பேசியில் சேர்க்கும்போது, கைப்பேசியைப் பூட்டவும் அதிலுள்ளதை அழிக்கவும் நிர்வாகிக்கு அனுமதி தருகிறீர்களா என்று சில இடங்களில் கேட்கும். கைப்பேசி திருடுபோனால் கம்பெனிக் கடிதங்களைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு இது, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் முழு அனுமதி கொடுத்துவிட்டால், அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள் படமும் சேர்ந்து அழிய இடமுண்டு. வேலைக் கணக்கைத் தனியறை போலப் பிரித்து வைக்கும் வசதி பல கைப்பேசிகளில் உண்டு. அழித்தாலும் அந்த அறை மட்டுமே போகும். கையெழுத்துப் போடுமுன் தாளைப் படிப்பது போல, இதையும் படித்து, கம்பெனியின் கணினிப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை சாவியை மறந்துவிட்டால் புதுக் கணக்குத் திறக்காதீர்கள். பழைய பாடமெல்லாம் பழைய பெட்டியில்தான் இருக்கும். பள்ளியில் டெலிமாவைக் கவனிக்கும் ஆசிரியர் புதிய கடவுச்சொல் போட்டுத் தருவார். கைப்பேசியை விற்பதாக இருந்தால், முதலில் எல்லாக் கணக்குகளையும் நீக்கிவிட்டு, பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துக் கொடுங்கள். வாங்குகிறவர் பக்கத்து வீட்டுக்காரரானாலும் அப்படியே.